எலுமிச்சை அறையில் ஒரு கல்யாணம்: டஸ்கனியில் ஐந்து நாள்

முதல் நாள், புதன்

காலை பதினொரு மணிக்கு ஃபிளாரன்ஸில் இறங்கினேன். வெளியே தோழி காரோடு நின்றிருந்தாள். கல்லூரி விடுதியில் மூன்று வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள் நாங்கள். பதினோரு வருடமாக அவள் இங்கேதான். வெளிநாட்டிலிருந்து இத்தாலிக்கு வந்து கல்யாணம் செய்துகொள்கிறவர்களுக்கு இடம் பார்ப்பதிலிருந்து கடைசி நாற்காலியைத் திருப்பி அனுப்புவது வரை எல்லாம் அவள் பொறுப்பு. ஒரு கல்யாணத்தையாவது முழுசாகக் கூட இருந்து பார்க்க வேண்டும், கூடமாட வேலையும் செய்கிறேன் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். "சரி, ஜூன்ல வாடி. நல்ல ஜோடி ஒண்ணு வருது" என்றாள்.

அயர்லாந்து ஜோடி. விருந்தினர் 64 பேர். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்குக் கல்யாணம். ஏழு வருடத்துக்கு முன்னால் இருவரும் இந்தப் பக்கம் நடைபயணம் வந்திருக்கிறார்கள். வழி தவறி, ஒரு வீட்டு வாசலில் நின்று தண்ணீர் கேட்டிருக்கிறார்கள். அந்த வீட்டில்தான் இப்போது கல்யாணம்.

ஃபிளாரன்ஸிலிருந்து தெற்கே சியனாவுக்குப் போகிற 222-ஆம் எண் சாலைக்குக் கியாந்திஜானா என்று பெயர். வளைவுக்கு வளைவு திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, நடுநடுவே காடு. இந்தக் கியாந்திப் பகுதிக்கு 1716-லேயே மூன்றாம் கோசிமோ என்ற மெதிச்சி குலத்து ஆட்சியாளர் எல்லை வகுத்து ஆணை போட்டாராம், இன்ன இடத்தில் விளைந்த திராட்சை மதுவுக்குத்தான் இந்தப் பெயர் என்று. கிரேவே ஊரில் காபி குடிக்க நிறுத்தினோம். சதுக்கம் என்கிறார்கள், ஆனால் முக்கோணமாக இருக்கிறது. சுற்றிலும் நிழலான தாழ்வாரம், கடைக்குக் கடை கருஞ்சேவல் படம். அது இந்தப் பகுதி மதுவின் முத்திரை.

தார்ச்சாலை முடிந்து வெள்ளை மண்பாதை தொடங்கியதும் தோழி வேகத்தைக் குறைத்தாள். இரண்டு பக்கமும் சைப்ரஸ் மரங்கள். மேலே குன்றின் தலையில் வீடு.

வில்லா என்றதும் நான் நினைத்து வைத்திருந்தது வேறு. இங்கே நடுவில் பண்ணையார் வீடு, சுற்றிலும் குடியானவர் வீடுகள் மூன்று. குடியானவர் வீடுகளில் கீழே தொழுவம், மேலே குடியிருப்பு, ஏறிப் போக வெளிப்பக்கம் கல்படிக்கட்டு. மாடுகளின் உடம்புச் சூடு குளிர்காலத்தில் மேலே இருப்பவர்களுக்கு உதவுமாம். இப்போது தொழுவங்களெல்லாம் வெள்ளையடித்த படுக்கையறைகள். என் அறையின் சுவரில் மாடு கட்டிய இரும்பு வளையம் அப்படியே இருக்கிறது. அதில் துண்டு காயப்போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிய வயது. தோழி அவரை 'சிஞோரா' என்றுதான் கூப்பிடுகிறாள், எதிரில் உட்காரக்கூட யோசிக்கிறாள். இரவுச் சாப்பாட்டின்போது அவர் தன் கதையைச் சொன்னார், தோழி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இந்தப் பக்கத்து நிலங்கள் பல நூறு வருடம் வாரத்துக்கு விடப்பட்டவை. மெட்சாத்ரியா என்பார்கள். நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவருடையது, விளைச்சல் ஆளுக்குப் பாதி. சிஞோராவின் அப்பா இங்கே வாரத்துக்கு உழுதவர். நான் படுக்கிற தொழுவத்துக்கு மேல் அறையில்தான் சிஞோரா பிறந்தார். போர் முடிந்த பிறகு இளவட்டங்கள் தொழிற்சாலை வேலைக்கென்று நகரத்துக்குப் போனார்கள். 1964-ல் புதிதாக வாரத்துக்கு விடுவதையே சட்டம் நிறுத்திவிட்டது. வீடுகள் பூட்டிக் கிடந்தன, கூரை விழுந்தது. எண்பதுகளில் இடிபாடாக நின்ற இந்தப் பண்ணையைச் சிஞோராவும் கணவரும் கடன் வாங்கி வாங்கினார்கள். 1985-ல் வந்த ஒரு சட்டம் விவசாயிகள் பண்ணையிலேயே விருந்தினரைத் தங்கவைக்க வழி செய்தது. முதலில் தங்குவதற்கு மட்டும் ஆட்கள் வந்தார்கள், அப்புறம் கல்யாணங்கள்.

"சின்ன வயசில் இந்தப் பெரிய வீட்டுக்குள் வருடத்துக்கு ஒரு தடவைதான் வருவேன். அப்பா கணக்கு முடிக்க வரும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு" என்றார். நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அந்தக் கணக்கு முடித்த கூடத்தில்.

இரண்டாம் நாள், வியாழன்

காலையில் மணமக்களோடு கொமூனேவுக்குப் போனோம். கொமூனே என்றால் உள்ளூர் நகராட்சி. இத்தாலியில் சட்டப்படி கல்யாணம் செய்துகொள்ள வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் நாட்டிலிருந்து ஒரு சான்று கொண்டுவர வேண்டும். பெயரே 'நுல்லா ஓஸ்தா', அதாவது தடையில்லாச் சான்று. மணமக்களுக்கு இத்தாலி மொழி தெரியாததால் மொழிபெயர்ப்பாளர் கூடவே இருக்க வேண்டும். சாட்சி இரண்டு பேர். தோழியின் கோப்பில் எல்லாம் வண்ணக் கிளிப் போட்டு வரிசையாக இருந்தது. மணமகன் கையெழுத்துப் போடும்போது பேனா நடுங்கியதைப் பார்த்தேன். ஏழு வருடம் சேர்ந்து வாழ்ந்தவர், ஆனாலும் அந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

இன்றைக்கு நான் கற்றுக்கொண்ட முக்கியமான விஷயம் இது. அழகான தோட்டம் இருக்கிறது என்பதற்காக எங்கே வேண்டுமானாலும் நின்று கல்யாணம் செய்துகொள்ள முடியாது. இத்தாலிய உரிமையியல் சட்டத்தின் 106-ஆவது பிரிவு, கல்யாணம் கொமூனேவின் இடத்தில், எல்லாரும் வந்து பார்க்கும்படி நடக்க வேண்டும் என்கிறது. அதனால் வில்லாக்காரர்கள் தங்கள் இடத்தின் ஒரு பகுதியைக் கொமூனேவின் இடமாக அறிவிக்கும்படி விண்ணப்பித்து, தீர்மானம் வாங்கி வைக்கிறார்கள். அந்தத் தீர்மானத்தில் எந்த அறை, தோட்டத்தில் எந்த மூலை என்று குறிக்கப்பட்டிருக்கும். இந்தத் தீர்மானம் இல்லாத இடத்தில் நடப்பது வெறும் அடையாளச் சடங்கு, பதிவேட்டில் ஏறாது.

சிஞோரா பல வருடம் முன்பே இரண்டு இடத்துக்கு இப்படித் தீர்மானம் வாங்கி வைத்திருக்கிறார். ஒன்று சைப்ரஸ் வரிசை முடிகிற புல்வெளி. இன்னொன்று எலுமிச்சை அறை.

அது என்ன என்று கேட்டேன். மதியம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். இந்த ஊர்க் குளிர் எலுமிச்சைக்கு ஆகாது. அதனால் மரங்களைப் பெரிய சுடுமண் தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலம் முழுக்க ஒரு நீளமான கூடத்துக்குள் வைத்துக் காப்பாற்றுவார்கள். லிமொனாயா என்று பெயர். தெற்குப் பக்கம் உயரமான வளைவுக் கதவுகள், வெயில் உள்ளே வரை விழுகிற மாதிரி. கோடை வந்ததும் தொட்டிகள் வெளியே போய்விடும், கூடம் காலியாக இருக்கும். தொட்டிகள் இம்ப்ருனேத்தா ஊர்க் களிமண், உறைபனிக்கும் வெடிக்காது என்று பெயர் வாங்கியது. செங்கல் தரையில் ஒவ்வொரு தொட்டியும் இருந்த இடத்தில் ஒரு வட்டக் கறை. எண்ணினேன், பதினெட்டு வட்டங்கள்.

அப்புறம் சிஞோரா எங்களைப் புல்வெளிக்கு அழைத்துப்போய் நாற்காலிகள் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று கையை நீட்டிக் காட்டினார். ஐந்தரைக்கு வெயில் இன்னும் மேலேதான் இருக்கும், விருந்தினர் கண்ணில் அடிக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டு மேஜையை லிண்டன் மரங்களுக்குக் கீழே போடச் சொன்னார். அது இப்போது பூத்திருக்கிறது, தேன் கலந்த மாதிரி வாசனை, மரம் முழுக்கத் தேனீ இரைச்சல். நான் பயந்தேன். "இருட்டிவிட்டால் ஒன்றுகூட இருக்காது" என்றார். இருட்டுவது ஒன்பதைத் தாண்டி. சாயங்காலம் நானே போய் நின்று பார்த்தேன். ஒன்பதரை மணிக்கு வாசனை மட்டும் இருந்தது.

மூன்றாம் நாள், வெள்ளி

காலையில் மூன்று மணி நேரம் கிடைத்தது. தோழி என்னைச் சியனாவுக்கு விரட்டினாள். "மத்ததெல்லாம் விடு, அந்த ஒரு சுவரை மட்டும் பார்த்துட்டு வா." நகராண்மை மாளிகையில் அம்ப்ரோஜியோ லோரென்ஜெத்தி 1338, 1339-ல் வரைந்த நல்லாட்சி ஓவியம். ஒரு பாதி நகரம், ஒரு பாதி நாட்டுப்புறம். நகரத்துத் தெருவில் குதிரை மேல் கிரீடம் வைத்த ஒரு பெண் போகிறாள். மணப்பெண் என்கிறார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு கூட்டம் கைகோத்து ஆடுகிறது. கோட்டை வாசலைத் தாண்டினால் குன்றுகள், அறுவடை, கழுதை மேல் மூட்டை, பட்டை போட்ட பன்றியை ஓட்டிக்கொண்டு ஒருவர். நேற்று காரில் பார்த்த அதே குன்றுகள். அந்த மணப்பெண்ணின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்ததும் வேலை. பூக்கள் வந்திருந்தன. ரோஜா, வெளிர் மஞ்சளில் சில, மற்றதெல்லாம் இந்த மண்ணிலேயே கிடைப்பவை: ஆலிவ் கிளை, ரோஸ்மேரி, மலைச்சரிவில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற ஜினேஸ்த்ரா. வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரம் தாங்காது என்று எல்லாவற்றையும் பழைய மது நிலவறையில் வாளிகளில் வைத்தோம். வெளியே அனல், உள்ளே ஈரக் கல்லின் குளிர்ச்சி. நாற்காலிக்கு ஒரு ஆலிவ் கொத்து கட்டுவது என் வேலை. இலையின் மேல்பக்கம் கரும்பச்சை, அடிப்பக்கம் வெள்ளி. வெள்ளிப் பக்கம் வெளியே தெரிகிற மாதிரி கட்ட வேண்டும். முதல் பத்து நாற்காலிகளைத் தோழி வந்து அவிழ்த்துக் காட்டினாள். அப்புறம் கை பழகிவிட்டது. நாற்காலி 64, சாட்சிகளுக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் தனியாக மூன்று.

மற்ற வேலைகளைப் பற்றிச் சொன்னால் இதெல்லாமா என்று தோன்றும், ஆனால் கல்யாணம் நிற்பது இவற்றின் மேல்தான். 50 பேர் பஸ் இந்த மண்பாதையில் திரும்ப முடியாது, அதனால் சின்ன வேன்கள். பாட்டு போட, காப்புரிமைச் சங்கத்தில் முன்கூட்டியே பணம் கட்டி அனுமதி. நடுராத்திரிக்கு மேல் வெளியே ஒலிபெருக்கி கூடாது, உள்ளே கல் சுவருக்குள் தொடரலாம். மின்சாரம்தான் பெரிய தலைவலி. இத்தாலியில் சாதாரண வீட்டு இணைப்பு 3 கிலோவாட். ஒரு ஹேர் டிரையரே இரண்டு வரை இழுக்கும். இங்கே இணைப்பு அதைவிடப் பெரியதுதான், இருந்தாலும் சமையல்காரர்களின் அடுப்புகளுக்கும் பாட்டுக் குழுவுக்கும் தனியாக ஜெனரேட்டர் வந்திருக்கிறது. கொட்டகைக்குப் பின்னால், காற்று அடிக்கும் திசை பார்த்து, சத்தம் சாப்பாட்டு மேஜைக்கு வராதபடி வைத்திருக்கிறார்கள்.

இரவு வானிலை பார்த்தோம். நாளை மதியத்துக்கு மேல் இடியுடன் மழை என்று போட்டிருக்கிறது.

நான்காம் நாள், சனி

நள்ளிரவு தாண்டிவிட்டது. கால் வீங்கியிருக்கிறது, ஆனாலும் இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

காலை பத்தரைக்கு மாடியில் மணமகளும் தோழிகளும் தலை அலங்காரம் தொடங்கினார்கள். பதினைந்தாவது நிமிடம் வீடு முழுக்கக் கரண்ட் போய்விட்டது. நாலு ஹேர் டிரையர், ஏசி, கீழே சமையலறையில் யாரோ ஜெனரேட்டரை விட்டுவிட்டு வீட்டு பிளக்கில் செருகிய ஓவன். நான் மெயின் ஸ்விட்ச் எங்கே என்று ஓடினேன். சிஞோரா ஓடவில்லை. பழைய தொழுவத்தின் மூலைக்கு நடந்து போனார், ஓவனைக் கழற்றச் சொன்னார், ஏசியை நிறுத்தினார், லிவரை மேலே தள்ளினார். மாடி ஜன்னல்களின் உள்பக்க மரக்கதவுகளை வெயில் வராதபடி மூடச் சொன்னார். அரைமணி நேரத்தில் அறை தானாகக் குளிர்ந்தது. சுவர் முழங்கை நீளம் தடிமன், வெயிலை உள்ளே விடாது.

இரண்டு மணிக்குத் தெற்கே மேகம். மூன்றுக்குக் காற்று மாறியது. தோழி போனில் மூன்று வானிலை ஆப்களை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சிஞோரா ஆலிவ் தோப்பு வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நாற்காலிகளை உள்ளே கொண்டுபோங்கள், இப்போதே" என்றார்.

மணமகளிடம் யார் சொல்வது? ஒரு வருடமாக அந்தப் பெண் சைப்ரஸ் வரிசையின் போட்டோவைத்தான் போனில் முகப்புப் படமாக வைத்திருந்தாளாம். தோழி மேலே போய்ச் சொன்னாள். மணமகள் பதில் பேசாமல் கீழே வந்து, வெளிப்படிக்கட்டில் பாதி அலங்காரத்தோடு உட்கார்ந்துவிட்டாள். சிஞோரா பக்கத்தில் உட்கார்ந்தார். ரொம்ப நேரம் இருவரும் எதுவும் பேசவில்லை. பிறகு அவர் அவள் கையைப் பிடித்து எலுமிச்சை அறைக்குக் கூட்டிப்போனார். நாங்கள் ஆறு பேர் நாற்காலிகளைச் சுமந்தபடி பின்னால் போனோம்.

உள்ளே போய் அவளுக்குத் தரையைக் காட்டினார். ஒவ்வொரு வட்டமும் ஒரு மரம் என்றார். குளிர்காலத்தில் வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது அவை இங்கே நிற்கும், இலை உதிர்க்காது, ஜனவரியிலும் காய் தொங்கும். ஆகப் பெரிய வட்டம் நடுக்கதவுக்கு நேரே. "அந்த மரத்துக்கு என்னைவிட வயது அதிகம். என் அப்பா தூக்கி வைத்த தொட்டி." தோழி மொழிபெயர்த்தபோது அவள் குரல் லேசாக உடைந்தது. மணமகள் அந்த வட்டத்துக்குள் போய் நின்று பார்த்தாள். "இங்கேயே" என்றாள்.

நாலே காலுக்கு மழை பிடித்துக்கொண்டது.

ஐந்தரைக்கு எல்லாரும் எலுமிச்சை அறையில். மேயரின் பிரதிநிதியாக வந்த அம்மா பச்சை, வெள்ளை, சிவப்பு மூவர்ணப் பட்டையைத் தோளில் குறுக்காக அணிந்திருந்தார். மழைச் சாரலுக்குக் கதவுகளை மூடலாமா என்று யாரோ கேட்டார்கள். கூடாது என்றார் அவர். கல்யாணம் எல்லாரும் பார்க்கும்படி நடப்பது, கதவு திறந்திருக்க வேண்டும். வளைவுக் கதவுகள் அத்தனையும் திறந்தபடியே இருந்தன. நனைந்த மண் வாசனையும் லிண்டன் வாசனையும் சேர்ந்து உள்ளே வந்தன.

சட்டத்திலிருந்து மூன்று பிரிவுகளை வாசிப்பார்கள் என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள். சட்டம்தானே என்று நினைத்திருந்தேன். 143: கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே உரிமைகள், ஒரே கடமைகள். ஒருவருக்கொருவர் உண்மையாக இருப்பது, மனத்தாலும் பொருளாலும் துணை நிற்பது, சேர்ந்து வாழ்வது. வீட்டிலும் வெளியிலும் அவரவர் உழைக்கும் திறனுக்கு ஏற்பக் குடும்பத்துக்குக் கொடுப்பது. 144: குடும்பம் எந்த வழியில் போக வேண்டும் என்பதை இருவரும் பேசி முடிவு செய்வது. 147: பிள்ளைகளை அவர்களுடைய திறமை, இயல்பு, ஆசைகளை மதித்து வளர்ப்பது. அவ்வளவுதான். ஒரு வரி அலங்காரம் கிடையாது. 1975 வரைக்கும் இந்த 144-ஆவது பிரிவில் கணவனே குடும்பத் தலைவன் என்று எழுதியிருந்ததாம். இத்தாலிய மொழியில் ஒரு முறை, ஆங்கிலத்தில் ஒரு முறை வாசித்தார்கள். மழைச் சத்தத்தில் சில சொற்கள் கேட்கவில்லை. மணமகன் கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மணமகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் நின்றது அந்த வட்டத்துக்குள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, துடைக்கத் தோன்றவில்லை.

கையெழுத்து ஆகும்போது மழை விட்டிருந்தது. ஏழு மணிக்கு மேல் நாங்கள் ஓடி ஓடி மேஜைகளைத் துடைத்து, நிலவறையிலிருந்து மீதிப் பூக்களைக் கொண்டுவந்து வைத்தோம். மரத்திலிருந்து சொட்டிக்கொண்டிருந்ததால் துணியை விரிக்காமல் மரப்பலகை மேலேயே தட்டுகளை வைத்தோம். தக்காளியில் ஊறவைத்த ரொட்டிச் சாலட், கையால் உருட்டிய பிச்சி பாஸ்தா, விறகில் சுட்ட இறைச்சி, பியென்சா ஊர்ப் பாலாடைக்கட்டி. டஸ்கனி ரொட்டியில் உப்பே போடுவதில்லை. தனியாகச் சாப்பிட்டால் சப்பென்று இருக்கிறது, உப்பான எதோடும் சேர்த்தால் நின்று பேசுகிறது. கேக்கை விருந்தினர் கண் முன்னாலேயே அடுக்கடுக்காகக் கட்டினார்கள். ஒவ்வொருவர் தட்டுக்கருகிலும் சர்க்கரைப் பூச்சுள்ள ஐந்து பாதாம்: ஆரோக்கியம், செல்வம், மகிழ்ச்சி, பிள்ளைப்பேறு, நீண்ட ஆயுள்.

பன்னிரண்டுக்கு வெளியே பாட்டு நின்றது. இளைஞர்கள் உள்ளே போய்விட்டார்கள். நான் கண்ணாடிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டு ஆலிவ் தோப்புப் பக்கம் போனபோது மின்மினிகள். ஈரப் புல்லுக்கு மேல், முழங்கால் உயரத்தில், எண்ண முடியாத அளவு. மணமக்கள் அங்கே தனியாக நின்றிருந்தார்கள். குவளைகள் சத்தம் போடாதபடி பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

ஐந்தாம் நாள், ஞாயிறு

தாமதமாக எழுந்தேன். எனக்கு முன்னாலேயே சிஞோரா எழுந்து புல்வெளியில் உடைந்த குவளைக் காம்புகளைத் தேடிக்கொண்டிருந்தார், வெறுங்காலோடு யாராவது நடப்பார்களே என்று.

காலை உணவுக்குப் பிறகு வேன்கள் ஒவ்வொன்றாக வந்தன. நேற்றைய மழையில் மண்பாதையில் தூசி கிளம்பவில்லை. வாடகை நாற்காலிகளை எண்ணி ஏற்றினோம், 67-ம் சரியாக இருந்தது. ஆலிவ் கொத்துகளை மட்டும் அவிழ்த்துக் கூடையில் போட்டு வைத்தேன். வாரக்கடைசியில் விறகு அடுப்புக்கு ஆகும் என்றார் சிஞோரா.

மணமக்கள் கடைசியாகக் கிளம்பினார்கள். காருக்குப் போகிற வழியில் மணமகள் நின்று, அந்த நடுவட்டத்து மரம் எது என்று கேட்டாள். சிஞோரா முற்றத்து மூலையில் இருந்த தொட்டியைக் காட்டினார். விளிம்பில் பாசி, பக்கத்தில் இரும்புக் கம்பி சுற்றி இறுக்கிய பழைய விரிசல். இடுப்புக் கத்தியால் ஒரு பழத்தை இரண்டு இலையோடு சேர்த்து அறுத்துக் கொடுத்தார். அவள் அதைக் கைக்குட்டையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

கார் வளைவில் மறைந்ததும் சிஞோரா அந்தத் தொட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். நானும் தோழியும் மறுபக்கம். இத்தனை நாள் சுவர்ப் பக்கம் இருந்த கிளைகளுக்கு வெயில் படும்படி மூவரும் அதைக் கால்வட்டம் திருப்பி வைத்தோம். வியாழக்கிழமை அடுத்த கல்யாணம், 40 பேர்.